ஆறு டேப்லெட்டும் 38 பிள்ளைகளும்

கடலூரில் தென்பெண்ணைக் கரையோரம் இருக்கும் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். ஆள் பற்றாக்குறை, கணக்கும் அறிவியலும் என் தலையில்தான். 2019-ல் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆறு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார்கள். கொரோனா சமயத்தில் அவை பீரோவில் தூங்கியதைக் கழித்தால், நாலரை வருஷத்துக்குக் குறையாமல் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் வந்த புதுப் பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறதல்லவா, தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் காணொலி வரும். அதையே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் படிப்பு என்று நம்பி ஒரு பருவமே போனது, தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் தெரிந்தது. இப்போது காணொலி என்றால் மூன்று நிமிஷம், அதுவும் எப்போதாவது.

நிலைத்தவை இரண்டுதான். ஒன்று ஜியோஜீப்ரா, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்கும் கணக்குச் செயலி. ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் தொடங்கியது, வகுப்புக்கு இலவசம். சுற்றுவட்ட மையத்தை (முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகவும் போகும் வட்டத்தின் மையம்) கரும்பலகையில் காம்பஸ் வைத்து வரைந்தால் ஒரு முக்கோணத்துக்கே பாதி பீரியட் ஓடிவிடும். இதில் பிள்ளை ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறான், கோணம் விரிய விரிய மையம் நகர்ந்து வந்து, செங்கோணத்தில் சரியாகக் கர்ணத்தின் நடுவில் உட்கார்ந்து, அதைத் தாண்டினால் முக்கோணத்துக்கு வெளியே போய்விடுகிறது. "சார், வெளிய ஓடிடுச்சு சார்!" என்று ஒருவன் கத்தினான். அன்றைக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று ஃபெட், அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைகளின் தொகுப்பு. இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வைமன், 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. அதில் மின்சுற்று அமைக்கும் பகுதியில், பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். எல்லாக் குழுவும் முதலில் செய்வது அதைத்தான், நானும் தடுப்பதில்லை. குறுக்குச் சுற்று என்ற சொல்லை அப்புறம் சொன்னால் போதும். ஆனால் கடைசி பத்து நிமிஷம் நிஜ செல், நிஜ பல்பு எடுத்துவிடுவேன். கம்பி நுனியைச் சுரண்டாமல் இணைத்தால் பல்பு எரியாது என்பதைத் திரை சொல்லித் தராது.

இரண்டுமே நெட் இல்லாமல் ஓடும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஃபெட்டின் புதிய பாவனைகளை ஒவ்வொரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு பிரவுசரிலேயே திறக்கலாம். கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையும் அப்படியே இறக்கி வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் சிக்னல் ஹெச்.எம். அறை வாசலோடு நின்றுவிடும்.

உரக்க வாசித்தால் திருத்தும் ஒரு செயலியையும் கீழ் வகுப்புக்காகப் போட்டுப் பார்த்தேன். "வாளப்பளம்" என்றாலும் சபாஷ் போட்டது. எடுத்துவிட்டேன், ழகரத்துக்கு நானே பரவாயில்லை.

ஆறேழு பேருக்கு ஒன்று என்பது குறை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துப் பார்த்தேன், ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. ஒன்றைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்தால்தான் சண்டை வருகிறது, "அப்படி இல்லடா" என்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஒருத்தியே கையில் வைத்துக்கொள்ளாமல் இருக்க ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கைமாற்றச் சொல்வேன். செயலியை மட்டும் திரையில் பூட்டிவைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது, அதைப் போடாமல் கொடுத்தால் செல்ஃபிதான்.

பராமரிப்பு? சாக்பீஸ் தூள் சார்ஜ் போடும் துளையை அடைத்துவிடும், வெள்ளிக்கிழமைதோறும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுகிறோம். ஒரு கோடை விடுமுறையில் சார்ஜிலேயே விட்டுப் போனதில் ஒன்று பேட்டரி உப்பிப் போனது, அது முழுக்க என் தவறு. 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் ஆற்றில் வெள்ளம் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த இன்னொன்றும் போயிற்று. மிச்சம் நாலு.

போன மாதம் அதே பழைய மாணவர்கள் இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். புது டேப்லெட் இரண்டு, தடித்த ரப்பர் உறை, ஒரு பெட்டி நிறைய டார்ச் செல்லும் பல்பும், அப்புறம் சுவரில் உயரமாக அடிக்க ஓர் இரும்பு அலமாரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.