வட்டார உறுப்பினரின் வட்ஸ்அப்: ஒரு மழைக்காலம் கடந்த பிறகு

எங்கள் வட்டாரத்து மாநகரசபை உறுப்பினர் வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அனுப்பும் தகவல்களை, 2025 ஜூனில் யாழ்ப்பாணத்தில் புதிய சபை தொடங்கியதிலிருந்து படித்து வருகிறேன். கைபேசிக்கும் மின்விசிறிக்கும் அனுபவப் பகிர்வு எழுதுகிறோம். சோலைவரி (வீடு வளவுக்குச் சபை அறவிடும் வரி) கட்டி, வரிசையில் நின்று வாக்கும் போட்டுப் பெற்ற இந்தச் சேவைக்கு ஒருவரும் எழுதக் காணோம். உறுப்பினரின் பெயரோ கட்சியோ வட்டாரமோ இங்கே வராது. ஊகிக்க விரும்புகிறவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும், மொத்தம் 27 வட்டாரங்கள் இருக்கின்றன.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சபையில் 45 பேர். அவர்களில் 27 பேர் வட்டாரத்துக்கு ஒருவராக வருபவர்கள், மற்றவர்கள் கட்சிப் பட்டியல் வழியாக வருபவர்கள். இந்தக் கலப்பு முறை 2018 தேர்தலோடு வந்தது. அந்தச் சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் நடக்கவேண்டிய தேர்தல் தள்ளிப்போய், கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடமும் உறுப்பினர் என்று எவரும் இல்லை. நிர்வாகம் முழுக்க அதிகாரிகள் கையில். வீதி விளக்கு எரியாவிட்டால் கந்தோரில் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கும் காலம் அது. அதனால்தான் புது உறுப்பினர் வட்ஸ்அப் குழு தொடங்கியதும் சனம் விழுந்தடித்துச் சேர்ந்தது.

ஆரம்பத்தில் குழு திறந்தே கிடந்தது, யாரும் எதையும் போடலாம். காலை வணக்கப் படங்கள், கோயில் நோட்டீசு, மரண அறிவித்தல், 'இரண்டு பரப்புக் காணி விற்பனைக்கு' என்று ஒரு நாளில் வந்து குவியும். நடுவில் எங்கேயோ உறுப்பினரின் தகவல் கிடக்கும். நல்லூர்த் திருவிழா தொடங்கிய பிறகு இது தாங்க முடியாமல் போனது. 25 நாள் திருவிழா, கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும், எந்த ஒழுங்கையால் (சிறு தெருவால்) வாகனம் போகலாம் என்பது அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை மாதிரி. அந்தத் தகவலை அவர் ஒழுங்காகத்தான் போட்டார். ஆனால் அதைத் தேடி எடுப்பதற்குள் தேர் வடம் பிடித்துவிடும் போலிருந்தது. பிறகு ஒரு நாள் குழுவைப் பூட்டி, தான் மட்டும் பதிவிடலாம், முறைப்பாட்டைத் தனியே அனுப்புங்கள் என்று அறிவித்தார்.

அமைதி வந்தது. ஆனால் ஒன்று போனது. திறந்திருந்த காலத்தில் ஒரு முறை மழைக்கு, மூன்று வெவ்வேறு ஒழுங்கைக்காரர்கள் 'எங்கட வாசலில தண்ணி நிக்குது' என்று அடுத்தடுத்து எழுதினார்கள். படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மூன்றும் ஒரே மதகை நோக்கித்தான் ஓடுகின்றன, அதை முதலில் பாருங்கோ என்று எழுதினார். உண்மையும் அதுதான். குழுவைப் பூட்டிய பிறகு அப்படி ஒருவர் முறைப்பாட்டை மற்றவர் பார்க்க வழியில்லை. தனித்தனியே அனுப்புகிறோம், எல்லாம் அவர் கைபேசிக்குள் போய் முடிகிறது. சில மாதம் கழித்து, கிழமைக்கு ஒரு தடவை வந்த முறைப்பாடுகளை ஒழுங்கை வாரியாக எழுதிப் போடத் தொடங்கினார். பெயர் இல்லை, 'விளக்கு', 'வாய்க்கால்', 'நாய்' என்று ஒரு சொல்தான். ஆனாலும் போதும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அவருக்கு இன்னொரு முறை வாக்குப் போடலாம் என்று என் மனைவி சொல்கிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

அடுத்தது போஸ்டர்கள். பாதித் தகவல் படமாகத்தான் வரும். மேலே கட்சி நிறம், பக்கத்தில் கைகூப்பிய படம், அடியில் எறும்பு எழுத்தில் விசயம். குப்பை எடுக்கும் நாள் விடுமுறையால் மாறுகிறது என்ற அறிவித்தலையும் இப்படித்தான் போட்டார். பிறகு தேடவேண்டிய நேரத்தில் 'குப்பை' என்று தட்டினால் ஒன்றும் வராது, படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கைபேசி எப்படித் தேடும்? பார்வை குறைந்தவர்களுக்கு வாசித்துக்காட்டும் செயலியும் படத்தின் முன் ஊமை. இரண்டு வரி எழுத்தாகப் போட்டால் போதும் என்று பலர் சொல்லியும் இது முழுதாக மாறவில்லை. எழுத்தும் படமும் சேர்ந்து வரும் நாளில், எழுத்தை மட்டும் எனக்கு நானே அனுப்பி வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தகவல்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், 'இது எங்கட வேலை இல்லை' என்று அவர் எழுதும் பதிவுகள்தான். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். நாற்பது ஐம்பது வருடம் இந்த ஊரில் இருந்தவர்களுக்கே எந்த வீதி யாருடையது என்பது தெரியாது. கண்டி வீதி போன்ற ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம் இருக்கின்றன. சீ, டீ தரம் மாகாணத் திணைக்களத்துக்கு. மீதி வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகரசபைக்கு. குழாய் பதிக்க வெட்டிய இடம் என்றால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் உள்ளே வரும். வீதி விளக்கிலும் இதே கதைதான். விளக்கு சபையினுடையது, கம்பமும் கம்பியும் மின்விநியோக நிறுவனத்தினுடையது. கம்பி அறுந்து கிடந்தால் உறுப்பினரைக் கூப்பிட்டு மினக்கெடக்கூடாது, 1987க்கு அடிக்கவேண்டும். விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பவேண்டும். 'அந்த முடக்கில இருக்கிற விளக்கு' என்று எழுதினால் வேலை நடக்காது, எங்கள் வட்டாரத்தில் முடக்குகளுக்கா பஞ்சம்.

இதைத் தட்டிக்கழிப்பு என்று சொல்பவர்களும் உண்டு. 'எல்லாத்துக்கும் வேற கந்தோரைக் காட்டுறார், பிறகு இவரை எதுக்குத் தெரிவுசெய்தனாங்கள்?' என்று எதிர்வீட்டு மாமா கேட்பார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தக் கந்தோருக்குக் கடிதம் கொடுத்தேன் என்று திகதியோடு படம் போடுகிறார். கடிதத்துக்கு என்ன பதில் வந்தது என்பதை அனேகமாகப் போடுவதில்லை. பதில் வரவில்லை என்றால் அதையாவது எழுதலாம். 'இன்னும் பதில் இல்லை, நாளைக்கு நேரில் போகிறேன்' என்ற ஒரு வரியைப் பார்த்தால் சனம் கோபிக்காது. எங்களுக்கு எரிச்சல் வருவது அந்த மௌனத்தைப் பார்த்துத்தான்.

மழைக்காலத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலமோ தட்டை. பெய்கிற மழை குளத்துக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் கடனீரேரிக்கு ஓடவேண்டும், மீதி சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுத் தண்ணீர் ஆகவேண்டும். குளத்தைத் தூர்த்து வாய்க்காலின் மேல் மதில் கட்டிய இடங்களில் தண்ணீர் வீட்டுக்குள் வருவதில் அதிசயம் எதுவும் இல்லை. ஐப்பசி தொடங்க முன்னரே உறுப்பினர் வாய்க்கால் துப்புரவு அட்டவணையைப் போட்டார். எந்த ஒழுங்கைக்கு எந்தக் கிழமை என்று எழுத்திலேயே இருந்தது. அட்டவணை நல்லது. ஆனால் திகதி மாறியபோது மாறியது என்று எவரும் சொல்லவில்லை. வாய்க்காலை மறித்து வைத்திருந்த பூச்சாடி, பழைய பலகை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் காத்திருந்த வீடுகள் சிரித்துக்கொண்டு திரும்ப அடுக்கின.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த நாட்களில்தான் இந்தச் சேவையின் முழு அருமை தெரிந்தது. போஸ்டர் இல்லை, கைகூப்பல் இல்லை. எந்த ஒழுங்கையில் தண்ணீர் ஏறுகிறது, எங்கே மரம் விழுந்து பாதை அடைபட்டிருக்கிறது, வயதானவர்களை எங்கே கூட்டிப் போகலாம், விதானையாரை (கிராம அலுவலரை) எப்படிப் பிடிப்பது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்று நாலைந்து சொல்லில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் நேரம் போட்டிருந்தார். இதைச் சின்ன விசயம் என்று நினைக்கவேண்டாம். நேரம் போடாத வெள்ளத் தகவல் மறுநாளும் சுற்றித்திரியும், வடிந்துபோன தண்ணீருக்குச் சனம் பயந்து ஓடும். வெள்ளம் வடிந்த பிறகு, தண்ணீர் ஏறிய கிணற்றை அப்படியே குடிக்கவேண்டாம், குளோரின் போடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள் என்று அவர் அனுப்பியது வேலை செய்தது. மலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கும் ஊரில் இதைவிடப் பெரிய அறிவித்தல் வேறு என்ன வேண்டும்.

அதற்குப் பின்னால் நுளம்பு. மாரி முடியும்போது டெங்கு ஏறுவது இங்கே வழக்கம். எங்கள் வட்டாரத்தின் பெரிய தலையிடி ஆளில்லா வளவுகள். உடையவர்கள் கனடாவிலோ லண்டனிலோ பாரிசிலோ. வளவில் பற்றை, இளநீர்க் கோம்பை, தண்ணீர் நின்ற வாளி, ஓட்டை விழுந்த தொட்டி. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி உடையவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம். கேற்றில் ஒட்டிய கடிதாசியை ரொறன்ரோவில் இருப்பவர் எப்படிப் படிப்பார்?

இங்கேதான் குழு எதிர்பாராத வேலை ஒன்றைச் செய்தது. ஊரில் இல்லாதவர்களும் அதில் நிறைய இருக்கிறார்கள், சொந்த ஊர்ப் பற்று அப்படி. உறுப்பினர் ஒழுங்கையையும் அடையாளத்தையும் சொல்லி ஒரு வளவைப் பற்றி எழுதினால், யாராவது ஒருவர் அதை மருமகளுக்கு அனுப்புவார், அவர் மைத்துனருக்கு அனுப்புவார், கடைசியில் உடையவர் காதில் போய் விழும். 'அது எங்கட பெரியம்மாவின்ர காணி, நான் ஆள் பிடிச்சு விடுறன் அண்ணை' என்று பதில் வந்ததை அவரே பிறகு போட்டார். மறுகிழமை இரண்டு பேர் கத்தியும் மண்வெட்டியுமாக உள்ளே நின்றார்கள். சட்டத்தால் நகராத பற்றை உறவுமுறையால் நகர்ந்தது.

ஆனால் முதலில் அவர் படங்களும் போட்டார். பூட்டின கேற், ஒழுங்கைப் பெயர், ஆளில்லை என்ற செய்தி மூன்றும் ஒரே பதிவில். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எவருக்குத் தெரியும்? ஆளில்லா வீடுகளுக்கு விளம்பரம் கொடுப்பது போலாகும் என்று சிலர் அவருக்கு நேரே சொன்ன பிறகு படத்தை நிறுத்திவிட்டார். இப்போது 'இந்த ஒழுங்கையில் ஒரு வளவு, உறவினர்கள் எனக்குத் தனியே எழுதுங்கோ' என்று மட்டும் வருகிறது. கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. அது பரவாயில்லை.

குப்பை பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உக்கும் கழிவு, உக்காத கழிவு என்று பிரித்து வையுங்கோ என்று மாதம் ஒரு தடவை நினைவூட்டுகிறார். கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் கொட்டுவது பற்றிய சண்டையைத் தொடுவதில்லை.

பெரிய குறை சபைக்குள் நடப்பதைப் பற்றியது. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத சபை இது. ஒவ்வொரு வாக்கும் எண்ணப்படும் இடம். வரவுசெலவுத் திட்டம் இரண்டு முறை தோற்றால் மாநகர முதல்வரின் பதவியே போய்விடக்கூடும். 2020 டிசம்பரில் இம்மானுவேல் ஆர்னல்ட் அப்படித்தான் பதவி இழந்தார், அந்த வருடம் முடிவதற்குள் வி. மணிவண்ணன் முதல்வரானார். அவ்வளவு முக்கியமான வாக்கெடுப்புகளில் எங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் கையை உயர்த்தினார், ஏன் என்பதை நான் பத்திரிகையில்தான் தேடவேண்டியிருக்கிறது. அவருடைய தகவலில் 'இன்று சபை அமர்வில் கலந்துகொண்டேன்' என்று ஒரு படம் இருக்கும். கலந்துகொண்டது தெரிகிறது, என்ன பேசினார் என்பதுதான் தெரியவில்லை. கட்சிக்கு நெருக்கடியான கிழமைகளில் தகவலே குறைந்துவிடும்.

பணமும் அப்படித்தான். 'எமது முயற்சியால் ஒழுங்கை கொங்கிறீட் போடப்படுகிறது' என்று வரும். எவ்வளவு, எந்த ஒதுக்கீடு, எத்தனை மீற்றர் என்று வராது. மேலே சொன்ன ஆசிரியர் ஒரு நாள் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் கொடுத்தார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். அவருக்குக் கணக்கு கிடைத்தது, அதைச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டினார். அதன் பிறகு உறுப்பினரின் பதிவுகளில் தொகை எட்டிப்பார்க்கத் தொடங்கியது. ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கைபேசி பாவிக்காதவர்களை அவர் மறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முக்கியமானவற்றை அச்செடுத்து வாசிகசாலையில் ஒட்டச் சொல்கிறார். குரல் பதிவும் அனுப்புவார். என் மாமனாருக்கு அதுதான் பிடிக்கும், சத்தமாகப் போட்டு முழு வீட்டையும் கேட்கவைப்பார். எனக்குப் பொறுமை இல்லை. 'அன்பான மக்களே' முடியவே அரை நிமிடம் போய்விடும், குழாய்த்தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது கடைசி வாக்கியத்தில் இருக்கும்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு: சேருங்கள், ஆனால் அறிவிப்புச் சத்தத்தை நிறுத்திவிட்டு, நாளில் ஒரு தரம் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் சத்தத்தைத் திறந்து வையுங்கள். முறைப்பாடு அனுப்பினால் கம்ப இலக்கம், ஒழுங்கைப் பெயர், பகலில் எடுத்த படம், மூன்றும் ஒரே செய்தியில் இருக்கட்டும். இரண்டு கிழமையில் பதில் இல்லாவிட்டால் அதே செய்தியைத் திரும்ப அனுப்புங்கள், புதிதாக எழுதவேண்டாம். பழைய திகதி மேலே தெரிவது நல்லது. சோலைவரியை முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முதல் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. அதை மட்டும் அவர் போஸ்டரில் போட்டு வைத்திருக்கிறார், தேடினால் கிடைக்காது, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.