கையடக்க ஹாம் ரேடியோ: உழைக்கும் செட்டா, மலிவு செட்டா?

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசிக்கொள்வதற்கான உரிமம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது.

விலை: யாசு (Yaesu), ஐகாம் (Icom) நிறுவனங்களின் நல்ல செட் ஒன்றின் காசுக்கு, பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்ற மலிவு செட் பல வாங்கலாம். இதில் பேச்சே இல்லை.

ரிசீவர்: வித்தியாசம் இங்கேதான். மலிவு செட்டில் ரிசீவர் வேலை ஏறக்குறைய முழுவதும் ஒரே சிப்பில். வேண்டாத அலைகளை நுழையும் இடத்திலேயே தடுக்கும் முன்புற வடிகட்டல் பலவீனம். வெளி ஆன்டெனாவை மாட்டினால், பக்கத்து ஒலிபரப்புக் கோபுரத்தின் வலுவான அலையில் ஹாம்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் வரும் மெல்லிய குரல் அமுங்கிப்போகும். வரும் அலையை வேறொரு அதிர்வெண்ணுக்கு மாற்றி வடிகட்டும் நல்ல சூப்பர்ஹெட்டரோடைன் செட் அங்கேயும் தாக்குப்பிடிக்கும்.

உறுதி: தூசி, தண்ணீர் புகாமைக்கான ஐபி67 தரமுள்ள செட், ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பிழைக்கும். என் மலிவு செட்டோ ஒரு தூறலுக்கே தாங்கவில்லை. பட்டன் இடுக்கில் ஈரம் இறங்கி, யாரும் தொடாமலே சிவப்பு விளக்கு எரிந்து அலை அனுப்பிக்கொண்டிருந்தது!

வசதி: மலிவு செட்டின் மெனு தலைவலி. கணினியில் சிர்ப் மென்பொருளால் சேனல்களை ஏற்றிவிட்டால் சரி.

மலையேற்றம், பேரிடர்ப் பணி என்றால் யோசிக்காமல் உறுதியானது. ரிப்பீட்டரில் (நம் அலையை வாங்கி வலுவாக்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) பேசிப் பழக, காரில் உபரியாகப் போட்டுவைக்க மலிவே போதும். அதன் ஹார்மோனிக் கசிவை (அனுப்பும் அதிர்வெண்ணின் மடங்குகளிலும் வெளியேறும் வேண்டாத அலை) மட்டும் அளக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.