சாலார் ஜங் அருங்காட்சியகம்: முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடாதீர்கள்

மாமல்லபுரத்தில் நாற்பது வருஷம் உளி பிடித்தவர் என் அப்பா. ஹைதராபாத் போனபோது அவரை சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். எங்களை அழைத்துப் போன சுற்றுலாக்காரர்கள் அதற்கு ஒதுக்கியது முக்கால் மணி நேரம். பைபிளில் வரும் ரெபெக்காவின் முக்காடிட்ட சிலை முன்னாலேயே அது கரைந்துவிட்டது. மறுநாள் ஆட்டோ பிடித்து நாங்களே திரும்ப வந்தோம்.

இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கிய பளிங்குச் சிலை அது. முகத்தின் மேல் ஈரத்துணி ஒட்டியிருப்பது போலவும், துணிக்குள்ளே முகம் தெரிவது போலவும் இருக்கும். அப்பா பக்கவாட்டில் போய், குனிந்து, வெகுநேரம் பார்த்தார். "துணின்னு தனியா ஒண்ணும் இல்லம்மா. நெத்தி, மூக்கு, தாடை மேடு மட்டும் மழமழன்னு விட்டிருக்கான். மத்த எடமெல்லாம் மடிப்பை ஓட விட்டிருக்கான். மீதிய நம்ம கண்ணே நெய்யுது. கருங்கல்லுல இவ்ளோ மெலிசா போனா சில்லு பேந்துடும்." அதற்கப்புறம்தான் எனக்கே அந்தச் சிலை பிடிபட்டது.

அதை 1876-இல் ரோமில் வாங்கியவர் முதலாம் சாலார் ஜங். ஆனால் இங்கிருப்பதில் பெரும்பகுதி அவருடைய பேரன், மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுப் அலி கான் தேடித் தேடிச் சேர்த்தது. 1912-இல், இருபத்து மூன்று வயதில், ஹைதராபாத்தை ஆண்ட நிஜாமின் திவான், அதாவது பிரதம மந்திரி, ஆனவர். இரண்டே வருஷத்தில் பதவியை விட்டுவிட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. 1949-இல் கண்மூடும்வரை சேகரிப்புதான் அவருக்கு எல்லாமே. 1951 டிசம்பர் 16 அன்று, அவர் வாழ்ந்த திவான் தேவ்டி மாளிகையிலேயே நேரு இதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். மூசி நதிக்கரையில் இப்போதிருக்கும் கட்டடத்துக்கு வந்தது 1968-இல்.

ஒரு மனிதரின் ஆசை என்பதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் எல்லாமே வேறு மாதிரி தெரிகிறது. ஜேடு கல் கைப்பிடி போட்ட ஜகாங்கீரின் குத்துவாளும் நூர்ஜஹானின் பழக்கத்தியும் இருக்கிற அதே இடத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி, அங்கே பொம்மைச் சிப்பாய்கள் அணி அணியாக. பிள்ளை இல்லாதவர் இதையெல்லாம் தேடி வாங்கியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரே மரத்தில் செதுக்கிய இரட்டைச் சிலை ஒன்றும் உண்டு: முன்பக்கம் கெதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் வரும் சாத்தான் மெஃபிஸ்டாஃபிலிஸ், பின்பக்கம் அதே நாடகத்தின் நாயகி மார்கரெட்டா. பின்னாலிருக்கும் கண்ணாடியில் அவள் தெரிவாள். அதையும் விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள், ஒரு நாள் முழுக்கத் தேவைப்படும். மணி அடிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே இசைக் கடிகாரத்தின் முன் இடம் பிடித்து உட்காருங்கள். தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போகும். கூட்டம் முழுக்க அதைத்தான் பார்த்தது. அப்பா மட்டும் நொடிக்கு நொடி சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த கொல்லன் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புடிச்சிருக்கிற புடி சரியா இருக்கும்மா" என்றார்.