மங்கீஸா, பேர்ட்ஸா, ஆர்ச்சீஸா: இதில் யார் போலி?

அறுபதுகளின் அமெரிக்க பாப் பற்றிப் பேச்சு வந்தாலே, யாராவது ஒருத்தர் மங்கீஸை இழுத்து "அவங்க எங்க வாசிச்சாங்க, டிவிக்காகச் சேர்த்த கூட்டம்தானே" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். டிவிக்காகச் சேர்த்தது உண்மைதான். 1965 செப்டம்பரில் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, நானூறு பேருக்கு மேல் பார்த்து, நாலு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த செப்டம்பரில் என்பிசி சேனலில் தொடர் ஆரம்பம். முதல் இரண்டு ஆல்பங்களில் பெரும்பாலும் இவர்கள் குரல் மட்டும்தான். சரி, வாசிக்காததுதான் குற்றம் என்றால், அதே விசாரணைக்கு இன்னும் இரண்டு பேரையாவது அழைக்க வேண்டும்.

முதலில் பேர்ட்ஸ். ராக் ரசிகர்கள் மரியாதையோடு பெயர் சொல்லும் குழு. பாப் டிலன் எழுதிய 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை 1965 ஜனவரியில் இவர்கள் பதிவு செய்தபோது, குழுவில் வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெக்வின் ஒருவரே. அந்தப் பன்னிரண்டு கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டார் அவருடையது. கீழே வழுக்கிக்கொண்டு வரும் பேஸ் லாரி நெக்டெல், டிரம்ஸ் ஹால் பிளெய்ன், இரண்டு பேருமே கூலிக்கு வாசிக்கும் ஸ்டூடியோ கலைஞர்கள். ஜீன் கிளார்க்கும் டேவிட் கிராஸ்பியும் கூடப் பாடினார்கள், மற்ற இரண்டு பேருக்கு அந்தப் பாட்டில் வேலையே இல்லை. பாட்டு முதலிடம் பிடித்தது, அவர்களை யாரும் போலி என்று சொல்லவில்லை. இதே ஹால் பிளெய்ன், மங்கீஸ் நாலு பேரில் ஒருவரான மைக்கேல் நெஸ்மித் தயாரித்த ஆரம்பகால மங்கீஸ் பாட்டுகளிலும் வாசித்திருக்கிறார். அங்கே மட்டும் அது மோசடியாகிவிட்டது!

இந்தப் பக்கம் ஆர்ச்சீஸ். இது கார்ட்டூன், குழு என்று ஒன்றே கிடையாது. ரான் டான்டே பாட, ஜெஃப் பாரியும் ஆண்டி கிம்மும் எழுதிய 'ஷுகர், ஷுகர்' 1969-இல் நாலு வாரம் முதலிடத்தில் இருந்தது. இதன் பின்னால் இருந்தவர் டான் கிர்ஷ்னர், அதாவது மங்கீஸின் இசைப் பொறுப்பிலிருந்து துரத்தப்பட்ட அதே ஆள். படத்தில் வரைந்த பையன்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் இல்லையா, அவருக்கு அது போதும். பாட்டு நன்றாகவே இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு அடுத்து என்ன என்று யோசிக்க ஒன்றும் இல்லை.

மங்கீஸ் கதை சுவாரசியமாவது அந்தத் துரத்தலில்தான். 1967 தொடக்கத்தில் 'மோர் ஆஃப் தி மங்கீஸ்' ஆல்பம் அவர்களைக் கேட்காமலேயே கடைக்கு வந்துவிட்டது. அது 18 வாரம் முதலிடத்தில் இருந்தது என்பது வேறு விஷயம். அதற்குள்ளேயே நீல் டைமண்ட் எழுதிய 'ஐ'ம் எ பிலீவர்' மாதிரி குறை சொல்ல முடியாத பாட்டும் இருக்கிறது, குழுவின் டேவி ஜோன்ஸ் நம் காதில் குசுகுசுக்கிற 'தி டே வி ஃபால் இன் லவ்' என்ற சகிக்க முடியாத வஸ்துவும் இருக்கிறது. கொதித்துப்போன மைக்கேல் நெஸ்மித், ஹோட்டல் சந்திப்பில் சுவரைக் குத்தி ஓட்டை போட்டார். பிப்ரவரியில் கிர்ஷ்னர் வெளியே. மே மாதம் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' ஆல்பம் வந்தது, நாலு பேரும் உண்மையாகவே வாசித்து. பேஸுக்கு மட்டும் பெரும்பாலும் தயாரிப்பாளர் சிப் டக்ளஸ்.

குழுவின் டிரம்மர் மிக்கி டோலென்ஸ் குழந்தை நட்சத்திரமாக இருந்தவர், டிரம்ஸ் கற்றுக்கொண்டதே இந்த வேலைக்காகத்தான். இந்த ஆல்பத்தில் அவர் எழுதிப் பாடிய 'ராண்டி ஸ்கவுஸ் கிட்' பாட்டை ஒருமுறை கேளுங்கள்: பழைய நாடக மேடைப் பியானோ மாதிரி சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று டிம்பனி முரசு இடிக்க ஆள் கத்த ஆரம்பிப்பார், கடைசியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். கிர்ஷ்னர் கையில் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. டிரம்ஸ் அங்கங்கே தள்ளாடுவது உண்மை, எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆல்பம் ஒரு வாரம் முதலிடம், அதற்குள் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்து தள்ளிவிட்டது, வேறு யாரிடம் தோற்றிருந்தாலும் வருத்தப்பட்டிருக்கலாம்.

ஆனால் மங்கீஸின் சிறந்த ஆல்பம் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' இல்லை என்பேன். நவம்பர் 1967-இல் வந்த 'பைசிஸ், அக்வேரியஸ், கேப்ரிகார்ன் அண்ட் ஜோன்ஸ்' ஆல்பத்தில் மறுபடி வெளி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், டிரம்ஸில் பெரும்பாலும் எடி ஹோ. மின்னணு முறையில் ஒலி எழுப்பும் மூக் சிந்தசைசர் பாப் ஆல்பங்களில் எட்டிப்பார்க்க ஆரம்பித்த காலம், டோலென்ஸ் ஒன்றை வாங்கிவந்து 'டெய்லி நைட்லி' பாட்டில் விசித்திரமான சத்தமெல்லாம் எழுப்பியிருக்கிறார். யார் வாசிப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள், ஆல்பத்தின் தரம் மேலேறிவிட்டது. நான் பார்ப்பது இதைத்தான்: ஸ்டூடியோவில் கடைசி வார்த்தை யாருடையது? ஆர்ச்சீஸில் கிர்ஷ்னருடையது. மங்கீஸில் 1967 வசந்தத்துக்கு அப்புறம் அவர்களுடையது.

அதற்காக மங்கீஸும் பேர்ட்ஸும் சமம் என்று சொல்ல வரவில்லை. பேர்ட்ஸ், நாட்டுப்பாடலும் ராக்கும் கலந்த ஃபோக்-ராக்குக்கு ஒரு சத்தத்தையே உருவாக்கிக் கொடுத்தார்கள், 1966-இல் 'எய்ட் மைல்ஸ் ஹை' பாட்டில் அதையும் தாண்டிப் போனார்கள். மங்கீஸ் அப்படிப் புது வழி எதையும் போடவில்லை, மற்றவர்கள் போட்ட வழியில் நல்ல பாட்டுகளோடு நடந்தார்கள். நெஸ்மித் மட்டும் விதிவிலக்கு. அவருடைய 'மேரி, மேரி' பாட்டை மங்கீஸுக்கு முன்பே பால் பட்டர்ஃபீல்ட் புளூஸ் பேண்ட் வாசித்துவிட்டது, 'டிஃபரன்ட் டிரம்' லிண்டா ரான்ஸ்டட் குரலில் ஹிட்டானது. எழுபதில் கன்ட்ரி-ராக் பக்கம் போய் அவர் தனியாகச் செய்தவை பேர்ட்ஸ் ரசிகர்களுக்கே பிடிக்கும்.

ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பேர்ட்ஸ் 1991-இலேயே நுழைந்துவிட்டார்கள், மங்கீஸுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. டோலென்ஸ் தவிர மற்ற மூன்று பேரும் இறந்தும்விட்டார்கள். புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஹிட் தொகுப்பில் ஆரம்பிக்காமல் 'பைசிஸ்' ஆல்பத்தை முழுசாகப் போடுங்கள், பிடித்தால் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' பக்கம் வாருங்கள். 'மோர் ஆஃப் தி மங்கீஸ்' கடைசியில், அதுவும் நான் சொன்ன அந்தக் குசுகுசுப்பைத் தாண்டிவிட்டு.