எல்டோராவா, நாக்ஸ்வில்லா?

அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் ட்ரக் தொடரில் (பிக்கப் ட்ரக் வடிவ வண்டிகள் ஓடும் தொடர்) நடந்த மண் தடப் பந்தயங்களில் பழையது ஒன்றைத் தேடிப் பார்ப்பதென்றால் என் ஓட்டு எல்டோராவுக்கு. எல்டோரா, நாக்ஸ்வில் இரண்டுமே அரை மைல் தடங்கள்தான். ஆனால் ஒஹையோவின் எல்டோராவில் வளைவுகள் நன்றாகச் சரிந்திருக்கும். ட்ரக்குகள் பின்பக்கம் வழுக்கியபடி வெளிச்சுவரை உரசிக்கொண்டே பறக்கும். 2013இல் ஆஸ்டின் டில்லன் ஜெயித்த முதல் பந்தயத்தில்தான், 1970க்குப் பிறகு நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்று மண்ணுக்குத் திரும்பியது. (தடத்தின் உரிமையாளர் டோனி ஸ்டூவர்ட், நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப்பில் மூன்று முறை சாம்பியன், சும்மாவா!) 2018இல் சேஸ் பிரிஸ்கோ ஜெயித்தது மயிரிழையில். 2020 பந்தயத்தைக் கொரோனா விழுங்கியது.

அப்புறம் அயோவாவின் நாக்ஸ்வில். மண் தடங்களில் ஓடும் சிறிய, வேகமான ஸ்ப்ரிண்ட் கார்களுக்கு அது கோயில் மாதிரி. ட்ரக்குக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. 2021இல் 150 சுற்றுப் பந்தயம் விபத்துகளால் இழுத்துக்கொண்டே போய் 179இல் முடிந்தது. 2022இல் இன்னொன்று, அவ்வளவுதான்.