அக்காவின் பையும் மருந்தாளரின் மேசையும்

லண்டனிலிருந்து மூன்று வார விடுப்பில் சிங்கப்பூருக்கு வந்தேன். சாங்கி விமான நிலையத்தின் வேகத்தைப் பற்றி எழுத ஆளுக்குக் குறைவில்லை. நான் எழுத வந்தது அக்காவின் அறுவை சிகிச்சையைப் பற்றி.

அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். வயிற்றின் உட்படலத்தில் சிறு சிறு மணிகளாகப் பரவியிருந்தது. மூன்று சுற்று கீமோ முடிந்ததும் மருத்துவர் ஹைபெக் என்ற சூடான கீமோ சிகிச்சையை அறுவையோடு சேர்த்துச் செய்யலாம் என்றார். கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை முதலில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பிறகு கீமோ மருந்து கலந்த திரவத்தை 40 முதல் 43 டிகிரி வரை சூடாக்கி, ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் சுற்றிவர விடுகிறார்கள். நரம்பில் ஏற்றும் மருந்து அந்தப் படலத்துக்குப் போதிய அளவு வந்து சேர்வதில்லை. நேரே செலுத்தினால் அங்கே அடர்த்தி பல மடங்கு கூடுகிறது. சூடு மருந்தின் வீரியத்தையும் கூட்டுகிறது.

2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வை மருத்துவர் எடுத்துச் சொன்னார். இதே நோயில் ஹைபெக் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 45.7 மாதம்; பெறாதவர்களுக்கு 33.9 மாதம். பெருங்குடல் புற்றுநோயில் பிரான்சில் நடந்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினேன்.

மனம் நொந்தது ஒரு விஷயத்தில்தான். ஒப்புதல் படிவத்தோடு தந்த கையேட்டில் ஹைபெக் பகுதி ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில், நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவுக்கு வரி வரியாக நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

ஆனால் மருந்தாளரை மறக்க முடியாது. உறவினர்கள் தேக்கா சந்தையில் வாங்கித் தந்ததெல்லாம் அக்காவின் துணிப்பையில் இருந்தன: மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் மாத்திரை, குவெர்செட்டின் மாத்திரை, காய்ந்த நித்தியகல்யாணி இலை. அவர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவின் பின்புறத்தையும் விளக்கொளியில் சாய்த்துப் படித்துக் கணினியில் பதிந்தார்.

"மூலிகை வேறு, மருந்து வேறு என்று நான் சொல்ல மாட்டேன் அக்கா. உங்களுக்கு ஏற்றிய பாக்ளிடாக்சலே முதலில் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்துதான் கிடைத்தது" என்றார். சூடு பட்டதும் புற்றணு தன்னைக் காத்துக்கொள்ளப் புரதங்களை உண்டாக்கும், வெங்காயத்திலும் உள்ள குவெர்செட்டின் ஆய்வுக்கூடத்துச் செல்களில் அதைத் தடுத்திருக்கிறது என்றும் விளக்கினார். ஆனால் செல்லில் நடந்தது வயிற்றுக்குள்ளும் நடக்கும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. மஞ்சள் சாறு ரத்தம் உறைவதைக் குறைக்கலாம்; மிளகுச் சாறு மற்ற மருந்துகள் உடலில் தங்கும் அளவை மாற்றலாம். நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து எடுக்கிறார்கள், அதுவும் மில்லிகிராம் கணக்கில். இலையைக் காய்ச்சிக் குடித்தால் நஞ்சு.

குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை என்றதும்தான் அம்மாவின் முகம் தெளிந்தது. இருபத்தைந்து நிமிடம் அந்த மேசையில் இருந்தோம். ஒருமுறைகூட அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அறுவை எட்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. நான்காம் நாள் தமிழ்த் தாதி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா பத்து அடி நடந்தார். "பையைத் தூக்கி எறிந்துவிட்டாயா?" என்று கேட்டார். இல்லை, அலமாரியில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன்.