தண்டவாளமா, காடியா, அக்ரிலிக்கா? மாடல் ரயிலுக்கு ஒரு ஸ்டாண்ட்

பீரோ மேல் நிறுத்தி வைத்திருந்த மாடல் ஐ.சி.எஃப். பெட்டி (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வடிவம்) ஒன்று, பீரோ கதவைச் சாத்திய அதிர்வில் உருண்டு தரையில் விழுந்தது. முனையில் மோதலைத் தாங்கும் பஃபர் ஒன்று முறிந்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற எஞ்சின் அசையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மோட்டார் உள்ள எஞ்சினில் வார்ம் கியர் (திருகு போன்ற பல்லிணை) சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், கையால் தள்ளினாலும் உருளாது. பெட்டிகளுக்கு அந்தப் பிடி கிடையாது. அச்சு முனைகள் ஊசி போல இருப்பதால் லேசான சரிவு போதும், கிளம்பிவிடும். ஆகவே ஸ்டாண்டின் முதல் வேலை சக்கரத்தை நிறுத்துவது. அழகெல்லாம் அப்புறம்தான்.

நான் வைத்திருப்பவை எச்.ஓ. அளவு மாடல்கள், அதாவது 1:87. தண்டவாளம், காடி (மரத்தில் வெட்டும் நீளப் பள்ளம்), அக்ரிலிக் என மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, பலகையில் நிஜ மாடல் தண்டவாளத்தையே ஒட்டிவிடுவது. ஒரு கஜ நீளத்தில், அதாவது 914 மி.மீ., ஃபிளெக்ஸ் டிராக் (வளைக்கக்கூடிய மாடல் தண்டவாளம்) கிடைக்கிறது. பலகையில் ஃபெவிகால் தடவி ஒட்டி, காயும்வரை மேலே கனமான புத்தகங்களை வைத்தால் போதும். அளவெடுக்கும் வேலையே இல்லை, சக்கரம் தானாக உட்காரும். ஜல்லி தூவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டு மருந்துக் குப்பியால் விட்டால் நிஜப் பாதை மாதிரியே இருக்கும்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐ.சி.எஃப். பெட்டி இந்த அளவில் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம், டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின் 20 செ.மீ. ஒரு கஜத்தில் எஞ்சினும் இரண்டு பெட்டியும் நிற்கும், மூன்றாவது பெட்டிக்கு இடமில்லை. முழு வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் டிராக்குக்கே நிறையச் செலவாகும்.

எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. எச்.ஓ. டிராக்கின் அகலம் 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜுக்குச் சரியான அளவு. நம் அகலப்பாதை 1676 மி.மீ., 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். ஓடுவதற்கு வசதியாக இந்திய மாடல்களையும் 16.5 சக்கரத்திலேயே செய்கிறார்கள். மேசையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறை, டிராக்கில் ஏற்றி நேர் எதிரே நின்று பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. பெரிய உடம்புக்குக் கீழே ஒடுங்கிய பாதை. பெரம்பூர் பக்கம் நிஜ வண்டிகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது பொறுக்காது. ஐரோப்பிய, அமெரிக்க மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அவர்கள் தாராளமாக டிராக்கையே போடலாம்.

அதனால்தான் நான் காடிக்கு மாறினேன். மூன்று அங்குல அகலத் தேக்கு ரீப்பரை மரக்கடையில் இழைத்து வாங்கி, தச்சரிடம் இரண்டு காடி போடச் சொன்னேன். நடுவில் 12 மி.மீ. மரத்தை விட்டுவிட்டு, இரு பக்கமும் 2.5 மி.மீ. அகலத்துக்கு, 2 மி.மீ. ஆழத்துக்கு ஒவ்வொரு காடி. சக்கரத்தின் உள்விளிம்பு காடிக்குள் இறங்கும், மீதிச் சக்கரம் மரத்தின் மேல் நிற்கும். விளிம்பு பெரிதாக உள்ள பழைய மாடல் என்றால் 3 மி.மீ. ஆழம் வேண்டும். பாதை என்று கண்ணில் எதுவும் தெரியாததால் அந்த 16.5 வித்தியாசமும் மறைந்துவிடுகிறது. நீளத்துக்குக் கட்டுப்பாடில்லை. என்னுடையது ஐந்தடி, எஞ்சினும் ஐந்து பெட்டியும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இதில் சிக்கல் அளவு பிசகுவதுதான். முதல் ரீப்பரில் நடுமரம் 15 மி.மீ. வந்துவிட்டது, ஒரு சக்கரம்கூட இறங்கவில்லை. வாயால் அளவு சொல்லாமல், ஒரு ஜோடிச் சக்கரத்தை அச்சோடு கழற்றிக்கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். துண்டு மரத்தில் ஒருமுறை வெட்டிப் பார்த்த பிறகு நல்ல மரத்தில் கை வைக்கட்டும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் ஊதும், காடியின் ஓரம் உதிரும். அதை மூடிய பெட்டிக்குள் வைப்பதும் நல்லதல்ல. அதிலிருந்து வரும் ஆவி, ஈயம் கலந்த பழைய வெள்ளை உலோக பாகங்களை நாளடைவில் அரிக்கும்.

அக்ரிலிக் ஸ்டாண்ட் பார்க்க மிக அழகு. நேம் போர்டு செய்யும் கடைகளில் லேசரில் துல்லியமாக வெட்டித் தருகிறார்கள், அளவுப் பிரச்சினை வராது. மேலே மூடியும் போட்டால் தூசிக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால், மர ஸ்டாண்ட் வைத்தாலும் அக்ரிலிக் மூடி போடுங்கள் என்றுதான் சொல்வேன். அச்சு எண்ணெயில் தூசி ஒட்டி இறுகினால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

ஆனால் வெறும் 3 மி.மீ. தகடு, தாங்கல் இல்லாமல் நீளமாகப் போனால் சில மாதங்களில் நடுவில் தொய்யும். ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவி பட்டு உள்பக்கம் வெண்படலம் படியும். கடைக்காரர்கள் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவார்கள். அது சுத்தமான ஒட்டு, ஆனால் வாசனை முழுக்கப் போகும்வரை மாடலை உள்ளே வைக்காதீர்கள், பிளாஸ்டிக்கைத் தாக்கும். வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் பசையும் வேண்டாம். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரால் துடைத்தால் நுண்ணிய விரிசல் விழும், ஈரத்துணியே போதும்.

ஒற்றை எஞ்சினைக் கூடத்தில் வைக்க வேண்டும் என்றால் அக்ரிலிக் பெட்டி. வெளிநாட்டு மாடலாக இருந்து, அதைச் சுற்றி ஒரு காட்சியையும் அமைக்கும் ஆசை இருந்தால் டிராக். இந்திய வண்டியை முழு வரிசையாக நிறுத்தத் தேக்குக் காடிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதைச் செய்தாலும் இரு முனையிலும் ஒரு சின்னக் கட்டை ஒட்டிவிடுங்கள். மரத்துக்கு வார்னிஷ் அடித்தால் குறைந்தது ஒரு வாரம் ஆறவிடுங்கள். எஞ்சின் சக்கரங்கள் சிலவற்றில் பிடிப்புக்காக ரப்பர் வளையம் இருக்கும், சரியாகக் காயாத வார்னிஷில் அது ஒட்டிக்கொள்ளும். மேற்கு ஜன்னல் வெயில் படாத சுவரில் மாட்டி, முதலில் ஒரே ஒரு பெட்டியை நடுவில் வைத்துப் பாருங்கள். அது தானாக நகர்ந்தால் பிராக்கெட்டைக் கழற்றி மட்டம் பார்த்துத் திரும்ப அடித்த பிறகு மற்றவற்றை ஏற்றலாம்.